வாயில் திறக்கும் வேளை

பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்றின் முன்புறத்திலே றேடியேற்றரை இறக்கி, விசிறி வார் ஓடும் கப்பியைக் கழற்றி, அதன் பின்னாலுள்ள தகட்டு மூடியையும் எடுத்துவிட்டால், எண்ணெய் படிந்த இரண்டு பற்சில்லுகள் கண்ணுக்குப் புலனாகும். கீழே இருப்பது சிறியது. மேலே இருப்பது அதைப்போல் இருமடங்கு பற்களையுடையது. இரண்டையும் ஒரு சங்கிலி பிணைத்து நிற்கும். துணியால் எண்ணெயைத் துடைத்து உற்று நோக்கினால், ஒவ்வொரு சில்லின் முகத்திலும் சிறு புள்ளி ஒன்று குழித்திருப்பதைக் காணலாம். இயந்திரத்தைப் பூட்டும்போது இவ்விரு புள்ளிகளும் ஒன்றையொன்று நேர்நோக்கி நிற்கவேண்டும். நின்றால் கார் ஓடும். ஒரு பல் தவறினாலும் இயந்திரம் இருமும், சூடேறும், மேட்டிலே களைத்துவிடும், சில வேளை இயங்கவே மறுக்கும்.

வீட்டு முற்றத்திலே தம் காரைத் தாமே பிரித்துப் பூட்டும் பழக்கமுள்ளவர்கள் இப்புள்ளிகளை நன்கு அறிவர். ஆனால் அவை ஏன் அந்த இடத்திலே குத்தப்பட்டன என்று கேட்டால் விடை கூறுவோர் சிலரே. அவ்விடத்தைத் தீர்மானித்தது ஒரு மனிதருடைய மூளையன்று. நீராவி இயந்திரத்தின் பிறப்பிலிருந்து கணக்கிட்டால், அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் சென்றன.

இயந்திரம் எதுவாயினும் அதன் உருளைக்குள்ளே ஒன்று புகவேண்டும். வேலை முடிந்தபின் அது வெளியேறவேண்டும். புகுவதற்கு ஒரு வாயில், போவதற்கு ஒரு வாயில். அவ்வாயில்களைத் திறந்து மூடும் கதவே வால்வு. கதவை யார் திறப்பது, எப்பொழுது திறப்பது என்னும் இரண்டு வினாக்கள் இங்கே எழுகின்றன. முதல் வினாவுக்கு விடை விரைவிற் கிடைத்தது. இரண்டாவது வினாவே அறிஞரை நெடுங்காலம் அலைக்கழித்தது.

1712ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே, டட்லி கோட்டையின் அருகிலிருந்த நிலக்கரிச் சுரங்கமொன்றில் நீர் இறைப்பதற்காகத் தோமஸ் நியூகொமன் தமது நீராவி இயந்திரத்தை நிறுவினார். அது நிமிடத்துக்குப் பன்னிரண்டு முறையளவில் மட்டுமே ஏறி இறங்கியது. ஒவ்வொரு முறையும் நீராவியை உள்ளே விடும் வால்வைத் திறக்கவேண்டும். அதை மூடி, நீராவியைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாயைத் திறக்கவேண்டும். இத்தொழிலுக்கு ஹம்பிரி பொட்டர் என்னும் சிறுவன் அமர்த்தப்பட்டான் என்றும், விளையாடப் போகும் ஆசையினாலே அவன் கயிறுகளைக் கட்டி, இயந்திரத்தின் பெருந்துலாவே தன் வால்வுகளைத் தானே இழுத்துத் திறக்கும்படி செய்துவிட்டான் என்றும் ஒரு கதை உண்டு. 1744இல் டெசாகுலியர் என்னும் அறிஞர் இதனை எழுதி வைத்தார். 1776இல் அடம் சிமித் தமது 'நாடுகளின் செல்வம்' என்னும் நூலிலே, சிறுவனின் பெயரைக் கூறாமல், இதையொத்த கதையைத் தொழிற்பிரிவினையின் பயனுக்கு உதாரணமாக எடுத்தாண்டார். அதன்பின் அக்கதை பாடநூல்களிலும் நிலைபெற்றுவிட்டது.

கதை இனியது; ஆயினும் நம்பத்தக்கதன்று. டட்லி இயந்திரத்தைக் காட்டும் 1719ஆம் ஆண்டுச் செதுக்குப்படத்திலே, துலாவிலிருந்து தொங்கும் கோல் ஒன்று வால்வுகளைத் தானே திறந்து மூடும் அமைப்பு முழுமையாக வரையப்பட்டிருக்கிறது. சில ஆண்டுகளுக்குள் இத்துணை ஒழுங்கான பொறி ஒரு பையனின் கயிற்று முடிச்சுகளிலிருந்து வளர்ந்தது என்பதை வரலாற்றாசிரியர் பலர் ஏற்பதில்லை. நியூகொமன் இரும்பு வாணிகராயும் கைவினைஞராயும் நெடுநாட் பழகியவர். அவருக்கு அந்த யோசனை தோன்றியிராது என்று கொள்வதற்குக் காரணமில்லை. எனினும் இக்கதை ஓர் உண்மையைக் கூறுகிறது. வேளை பார்த்துக் கதவு திறக்கும் வேலை மனிதனுடைய கையை விட்டு இயந்திரத்தின் உடம்புக்குள்ளேயே போய்விட்டது. யார் திறப்பது என்னும் முதல் வினா அத்தோடு தீர்ந்தது.

மோட்டார் இயந்திரத்திலே இந்த வேலையைச் செய்வது 'கேம்' எனப்படும் உறுப்பாகும். உருண்டையான தண்டொன்றிலே ஒரு பக்கம் மட்டும் முட்டையின் கூர்முனைபோற் புடைத்திருப்பதே கேம். தண்டு சுழலும்போது புடைப்பு வரும் கணத்தில் எதிரேயுள்ள பொருள் உயர்கிறது. புடைப்பு கடந்ததும் தாழ்கிறது. இது மோட்டாருக்கென்று பிறந்ததன்று. 1206ஆம் ஆண்டளவில் அல்-ஜஸரி என்னும் பொறிவல்லுநர் தம் நூலிலே விவரித்த தானியங்கிக் கருவிகளில் சுழலும் தண்டும் அதிற் பதித்த கேம்களும் உள்ளன. மத்தியகால ஐரோப்பாவிலே நீர்ச்சக்கரத்தால் இரும்படிக்கும் சம்மட்டிகளைத் தூக்கியதும், கம்பளித் துணியைத் துவைக்கும் உலக்கைகளைத் தூக்கியதும் இதே புடைப்புத்தான். இதன் சிறப்பு யாதெனில், வேளை அதன் வடிவத்திலேயே செதுக்கப்பட்டிருத்தலாகும். எப்போது தூக்குவது, எவ்வளவு தூக்குவது, எவ்வளவு நேரம் தூக்கி வைத்திருப்பது என்னும் மூன்றையும் ஒரு கேமின் உருவமே சொல்லிவிடுகிறது.

இனி மோட்டார் இயந்திரத்துக்கு வருவோம். 1862இலே பிரான்சிய நாட்டவரான அல்பொன்ஸ் போ த ரொஷா, பிஸ்டனின் நான்கு ஓட்டங்களில் ஒரு வேலைச் சுற்று நிறைவுறும் முறையைத் தாளிலே விளக்கினார். 1876இலே ஜேர்மனியின் கொலோன் நகரை அடுத்த டொய்ட்ஸ் என்னுமிடத்திலே நிக்கலோஸ் ஒட்டோ அம்முறையில் இயங்கும் இயந்திரத்தைச் செய்து ஓட்டினார். பிஸ்டன் இறங்கும்போது வாயுக்கலவையை உறிஞ்சும்; ஏறும்போது அதை நெருக்கும்; தீப்பற்றியதும் உந்தப்பட்டு இறங்கும்; மீண்டும் ஏறும்போது எரிந்த புகையை வெளியே தள்ளும். நான்கு ஓட்டங்களுக்குக் கிராங்குத் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றுகிறது. ஆனால் ஒவ்வொரு வால்வும் அதற்குள் ஒருமுறை மட்டுமே திறக்கவேண்டும். ஆகவே வால்வை இயக்கும் தண்டு கிராங்குத் தண்டின் பாதி வேகத்திலே சுழலவேண்டும். ஒட்டோ தமது இயந்திரத்தின் பக்கத்திலே பாதி வேகத்தில் ஓடும் தண்டொன்றை அமைத்தார். மொறிஸ் மைனரின் மேற்சில்லு கீழ்ச்சில்லைப்போல் இருமடங்கு பற்களைக் கொண்டிருப்பதன் காரணம் இதுவே.

ஒட்டோவின் இயந்திரம் நிமிடத்துக்கு 180 சுற்றளவில் ஓடியது. அந்த வேகத்திலே ஓர் ஓட்டத்துக்குச் செக்கனில் ஆறிலொரு பங்கு கிடைத்தது. அவ்வளவு மெதுவாக ஓடும் இயந்திரத்துக்கு வேளைபற்றிய கவலை அதிகமில்லை. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது வாயிலைத் திற, அடியில் வந்ததும் மூடு என்ற எளிய விதியே போதுமானதாயிருந்தது.

தொல்லை வேகத்தோடு வந்தது. ஒட்டோவின் தொழிற்சாலையை விட்டு விலகிய கொட்லீப் டெய்ம்லரும் அவருடைய நண்பர் வில்கெல்ம் மைபாக்கும் 1883க்கும் 1885க்கும் இடையில் நிமிடத்துக்கு 600 சுற்றளவில் ஓடும் சிறிய இயந்திரத்தை உருவாக்கினர். வண்டியிலே ஏற்றத்தக்க இயந்திரம் அதுவே. ஓர் ஓட்டத்துக்குக் கிடைத்த காலம் செக்கனில் இருபதிலொரு பங்காகச் சுருங்கிற்று. அவர்கள் புகை போக்கும் வால்வைப் பொறியால் இயக்கினர். உள்வாங்கும் வால்வையோ அதன் போக்கிலேயே விட்டுவிட்டனர். மெல்லிய வில்லுச் சுருளொன்று அதை மூடி வைத்திருக்கும். பிஸ்டன் இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சுவிசையே அதைத் திறக்கும். செலவு குறைந்த, சிக்கலற்ற ஏற்பாடு. அடுத்த பதினைந்து ஆண்டுகளிலே செய்யப்பட்ட கார்களுட் பெரும்பாலானவை இம்முறையையே பின்பற்றின.

அக்காலத்துக் கார்ச் சொந்தக்காரர் தம் கையையே நம்பியிருந்தனர் என்பதையும் இங்கே நினைத்தல் தகும். 1888இலே கார்ல் பென்ஸின் மனைவி பேர்தா பென்ஸ் தம் இரு புதல்வரோடு மன்ஹைமிலிருந்து பொர்ட்சைம் வரை காரிற் சென்றபோது, அடைபட்ட எரிபொருட் குழாயைத் தொப்பி ஊசியாற் குத்தித் துப்புரவாக்கினார் என்பர். காரைத் திருத்துவதற்கென்று ஒரு தொழிலே பிறக்காத காலம் அது.

தானாகத் திறக்கும் வால்வுக்கு ஒரு குறை இருந்தது. உறிஞ்சுவிசை போதியளவு உண்டாகும் வரை அது திறவாது; எனவே எப்போதும் பிந்தியே திறக்கும். வேகம் ஏறினாற் படபடத்து அடிக்கும். 1900ஆம் ஆண்டின் இறுதியில் எமில் யெலினெக் என்னும் வணிகரின் தூண்டுதலால் மைபாக் வடிவமைத்து, 1901இல் நீஸ் நகரப் பந்தயங்களிலே புகழ்பெற்ற மெர்சிடிஸ் காரில் உள்வாங்கும் வால்வும் கேமின் ஆட்சிக்குட் கொண்டுவரப்பட்டது. இனி உறிஞ்சுவிசையின் தயவு தேவையில்லை. பொறியியலாளர் விரும்பிய கணத்திலே கதவு திறக்கும். விரும்பத்தக்க கணம் எது என்பதுதான் இப்போது வினாவாயிற்று. இவ்விடத்தில் எளிய விதி பொய்த்துப் போனதே இவ்வரலாற்றின் மையமான செய்தியாகும்.

கோவிற் திருவிழா முடிந்து தெற்கு வாயிலால் வெளியேறும் சனக்கூட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். மணி அடித்தவுடன் எல்லாரும் ஒரே நொடியில் நகர்வதில்லை. முன்னிற்பவர் நகரத் தொடங்கிய பின்னரே பின்னிற்பவர் நகர்வர். ஒருமுறை ஓட்டம் பிடித்துவிட்டாலோ, பின்னாலிருந்து தள்ளும் வேகத்தாலே கூட்டம் நிற்காமற் சென்றுகொண்டே இருக்கும். வாயுவும் இத்தகையதே. அதற்கும் எடை உண்டு. எடை உள்ளதனால் புறப்படத் தாமதமும், புறப்பட்டபின் நிற்கத் தாமதமும் உண்டு. ஆகவே உள்வாங்கும் வால்வைப் பிஸ்டன் உச்சியை அடையுமுன்பே சற்றுத் திறந்துவிடவேண்டும். பிஸ்டன் அடியைத் தொட்டு மீண்டும் ஏறத் தொடங்கிய பின்னும் அதைத் திறந்தே வைத்திருக்கவேண்டும். ஓட்டம் பிடித்து வரும் கலவை பிஸ்டனை எதிர்த்துங்கூட உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். புகை போக்கும் வால்வைப் பிஸ்டன் அடிக்கு வருமுன்பே திறந்தால், எஞ்சிய அழுத்தத்தாலே புகை தானாகச் சீறி வெளியேறும். பிஸ்டன் அதை வருந்தித் தள்ளும் வேலை குறையும். அதனால் வேலை செய்யும் ஓட்டத்தில் இழப்பது அற்பமே. ஏனெனில் அடியை நெருங்கும்போது கிராங்கு பல பாகை திரும்பினாலும் பிஸ்டன் இறங்குவது மிகச் சிறிதளவே.

கண்ணுக்குச் சரியெனத் தோன்றுவது பிஸ்டனின் வேளை. இயந்திரத்துக்குச் சரியானது வாயுவின் வேளை. முன்னதைப் பின்பற்றுவதே இயல்பு. பின்னதைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு தலைமுறை தேவைப்பட்டது. நீராவி இயந்திரப் பொறியியலாளர் இதையொத்த பாடத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கற்றிருந்தனர். புகையிரத இயந்திரத்தின் நீராவி வால்வைப் பிஸ்டன் ஓட்டத்தின் முடிவுக்கு வருமுன் சற்றே திறக்கும்படி அவர்கள் வைத்தனர். ஆயினும் நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றை நாடிய மோட்டார் இயந்திரத்திலேயே இப்பாடத்தின் முழு விளைவும் வெளியாயிற்று.

இதனை இரண்டு கார்களின் அளவுகளாற் காட்டலாம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் அமெரிக்காவிலே செய்யப்பட்ட போர்ட் 'மொடல் ரீ' காரோடு, வினாவும் விடையுமாக அமைந்த கைநூல் ஒன்று சொந்தக்காரருக்கு வழங்கப்பட்டது. அந்நூலிலே வால்வுகளின் வேளையைச் சரிபார்க்கும் முறையும் கூறப்பட்டிருந்தது. கமக்காரனிடம் பாகைமானி இராதென்று கருதிப் போலும், அளவுகள் பாகையில் அன்றி அங்குலத்தில் தரப்பட்டன. உருளையின் தலையைக் கழற்றி, பிஸ்டன் எவ்வளவு தாழ்ந்து நிற்கிறதென்று அடிக்கோலால் அளந்து பார்க்கலாம். பிஸ்டன் அடியை அடைய 5/16 அங்குலம் இருக்கும்போது புகை போக்கும் வால்வு திறக்கவேண்டும். அது உச்சியிலேயே மூடவேண்டும். உள்வாங்கும் வால்வு உச்சியைக் கடந்து 1/16 அங்குலம் இறங்கியபின் திறந்து, அடியைக் கடந்து 9/16 அங்குலம் ஏறியபின் மூடவேண்டும். அக்கார் தன் 20 குதிரைவலுவை நிமிடத்துக்கு 1,600 சுற்றிலே தந்தது. இங்கே இரு வால்வுகளும் ஒருசேரத் திறந்திருக்கும் கணம் இல்லை. ஒன்று மூடியபின்னரே மற்றது திறக்கிறது. அதன் இரு பற்சில்லுகளிலும் சுழியக் குறி இடப்பட்டிருந்தது. சிறிய சில்லின் குறியிட்ட பல், பெரிய சில்லின் குறியிட்ட இரு பற்களுக்கிடையிற் பொருந்தவேண்டும். நூற்றாண்டுகளின் அறிவை ஒரு கமக்காரனின் கைக்கெட்டும் குறியாகச் சுருக்கியதை, அக்காரின் மலிவுக்கு நிகரான சாதனை என்றே கொள்ளவேண்டும்.

மொறிஸ் மைனர் 1948இலே இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் காட்சியில் வெளியாயிற்று. 1952 முதல் அதற்கு ஒஸ்டின் நிறுவனத்தின் 803 கன சென்ரிமீற்றர் இயந்திரம் பூட்டப்பட்டது. நிமிடத்துக்கு 4,800 சுற்றிலே அது 30 குதிரைவலுத் தந்தது. அந்த வேகத்தில் ஓர் ஓட்டத்துக்குக் கிடைப்பது செக்கனில் 160இலொரு பங்கே. அதன் உள்வாங்கும் வால்வு உச்சிக்கு 5 பாகை முன்னே திறந்து, அடிக்கு 45 பாகை பின்னே மூடுகிறது. புகை போக்கும் வால்வு அடிக்கு 40 பாகை முன்னே திறந்து, உச்சிக்கு 10 பாகை பின்னே மூடுகிறது. ஆகவே உச்சியை ஒட்டிய 15 பாகையளவிலே இரு கதவுகளும் ஒருங்கே திறந்து நிற்கின்றன. வெளியேறும் புகையின் வேகமே புதிய கலவையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மெல்ல நடக்கும் குடும்பக் காருக்கு 15 பாகை போதும். பந்தயக் காருக்கு இது பல மடங்கு கூடும். அதனாலேயே பந்தயக் கார் சந்தியில் நிற்கும்போது குலுங்கி முக்குகிறது.

இனி வீட்டிலே அவ்வேலை நடக்கும் முறையைப் பார்ப்போம். சங்கிலி தேய்ந்து சலசலக்கும்போதே பெரும்பாலும் மூடி திறக்கப்படும். கழற்றுமுன் இயந்திரத்தைச் சுற்றிப் புள்ளிகளை நேர்நிறுத்திக்கொள்வது அனுபவசாலியின் வழக்கம். கிராங்குத் தண்டின் சாவிப்பள்ளம் உச்சியை நோக்கும். கேம் தண்டின் சாவிப்பள்ளம் மணிக்கூட்டில் ஒரு மணி நிற்கும் திசையை நோக்கும். புதிய சங்கிலியை ஏற்றும்போது, இரு சில்லுகளையும் மேசைமேல் வைத்து, புள்ளிகள் எதிரெதிரே இருக்கச் சங்கிலியை மாட்டி, மூன்றையும் ஒருசேரத் தண்டுகளில் ஏற்றவேண்டும். ஒன்றை முன்னர் ஏற்றிவிட்டு மற்றதை மாட்ட முயல்வோர் ஒரு பல் தவறுவதை அறியார். சில்லுகள் ஒரே தளத்தில் ஓடுகின்றனவா என்று நேர்கோலை வைத்துப் பார்த்து, வேண்டுமாயின் சிறிய சில்லின் பின்னே மெல்லிய தகட்டு வளையமிடவேண்டும். மூடியைப் பூட்டுமுன் எண்ணெய் எறியும் தட்டைப் பக்கம் மாறாமல் வைப்பதும் மறக்கத்தகாதது.

ஒரு பல் என்றால் அற்பமன்றோ என்று எண்ணுவோர் உளர். நாற்பது பல்லுடைய கேம் சில்லிலே ஒரு பல் 9 பாகை. கேம் பாதி வேகத்தில் ஓடுவதால் கிராங்குக் கணக்கில் அது 18 பாகை. உச்சிக்கு 5 பாகை முன்னே திறக்கவேண்டிய வால்வு அப்பொழுது 13 பாகை பின்னே திறக்கும், அல்லது 23 பாகை முன்னே திறக்கும். அந்நிலையில் பெற்றோல் ஊட்டியை எவ்வளவு திருகினாலும் பயனில்லை.

புள்ளிகளே அழிந்துபோன சில்லும் உண்டு. வேறோர் இயந்திரத்தின் சில்லை மாட்டியிருப்பாரும் உண்டு. அப்பொழுது பிஸ்டனின் உச்சியை முதலிற் காணவேண்டும். தீப்பொறிச் செருகியின் துளையாலே கம்பியை விட்டு, அது உயர்வதைப் பார்ப்பது எளிய வழி. ஆனால் உச்சியை அண்மியதும் கம்பி பல பாகைக்கு அசைவற்று நிற்கும். அதில் எது சரியான உச்சி என்று கண்ணாற் சொல்ல இயலாது. இதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. பிஸ்டன் ஏறும்போது கம்பி குறித்த உயரத்துக்கு வரும் இடத்தைக் கப்பியில் ஒரு கோடாகக் கீறவேண்டும். மறுபக்கமாகத் திருப்பி, அதே உயரத்துக்கு வரும் இடத்தில் இன்னொரு கோடு கீறவேண்டும். இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ளதுதான் உண்மையான உச்சி. மனை வகுக்கும் நம் தச்சர் முற்காலத்தில் நிலத்திலே சங்கு நாட்டித் திசை கண்டதும் இதே நியாயத்தினால்தான். நண்பகலில் நிழல் குறுகி நிற்கும் கணத்தை அவர்கள் நேரே தேடவில்லை. முற்பகலில் நிழல்முனை வட்டத்தைத் தொடும் இடத்தையும், பிற்பகலில் தொடும் இடத்தையும் குறித்து, இடையை இரண்டாக வகுத்தனர்.

உச்சி கண்டபின், முதல் உருளையின் உள்வாங்கும் வால்வைத் தள்ளும் கோலை விரல்களுக்கிடையே பிடித்து உருட்டிக்கொண்டே கிராங்கை மெல்லத் திருப்பினால், கோல் இறுகி உருள மறுக்கும் கணம் ஒன்று வரும். வால்வு திறக்கும் கணம் அதுவே. அப்போது கிராங்கு உச்சிக்கு எத்தனை பாகை முன்னே நிற்கிறது என்று பார்த்தால் கைநூலின் எண்ணோடு ஒப்பிடலாம். இச்சோதனைக்கென வால்வு இடைவெளியைக் கைநூல் கூறும் அளவுக்கு முதலில் வைத்துக்கொள்ளவேண்டும். இல்லையேல் எண் பிழைக்கும்.

இச்சோதனையின் பயன் புள்ளியில்லாத சில்லோடு நின்றுவிடுவதன்று. சங்கிலியின் ஒவ்வொரு கணுவும் மயிரிழை அளவு தேய்ந்தாலும் முழுச் சங்கிலியும் நீண்டுவிடும். புள்ளிகள் நேராக நிற்பதாகவே தோன்றும். கேமோ பின்தங்கி ஓடும். அவ்வியந்திரத்தில் தீப்பொறியைப் பகிரும் கருவியும் கேம் தண்டாலேயே சுழற்றப்படுவதால், அதன் வேளையும் உடன் பிந்தும். புள்ளியை மட்டும் நம்பியவர் குற்றத்தைப் பெற்றோலிலே காண்பார்.

இத்தகைய எளிய இயந்திரங்களை அறிந்த கைகள் ஓர் இக்கட்டான காலத்திலே யாழ்ப்பாணத்துக்குப் பயன்பட்டன. 1990ஆம் ஆண்டுகளில் பொருளாதாரத் தடையினாற் குடாநாட்டில் பெற்றோல் அரிதாகியபோது, பழைய ஒஸ்டின், மொறிஸ் கார்கள் சில துளி பெற்றோலாற் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டன. அழுத்தம் குறைந்த பழைய உருளைகளே அதனைத் தாங்கின. புதுப் பாகங்கள் வாராத காலத்தில் இருந்ததைக் கொண்டு சரிசெய்யும் அறிவுக்கு அங்கே விலை மதிப்பில்லை.

கேம் தண்டு வாழ்ந்த இடமும் காலப்போக்கில் மாறியது. 1912இலே டியெப் நகரில் நடந்த பிரான்சியப் பெரும் பந்தயத்தை வென்ற பியூஜோ காரில், உருளைத் தலையின் மேல் இரண்டு கேம் தண்டுகளும், உருளை ஒவ்வொன்றுக்கும் நான்கு வால்வுகளும் இருந்தன. தள்ளுகோல்கள் நீங்கியதால் வால்வுகள் வேகத்துக்கு ஈடுகொடுத்தன. ஆனால் கிராங்குக்கும் கேமுக்கும் இடையிலிருந்த தூரம் பெருகிற்று. அத்தூரத்தை எதனால் இணைப்பது? பற்சில்லு வரிசை இரைந்தது. நிமிர்ந்த தண்டு விலை மிகுந்தது. மன்செஸ்ரரில் குடியேறிய சுவிஸ் நாட்டவரான ஹான்ஸ் றெனோல்ட் 1880இல் உருளைச் சங்கிலியையும், 1885இல் ஓசை குறைந்த பற்சங்கிலியையும் செய்து வழிகாட்டியிருந்தார். மொறிஸ் மைனர் முதன்முதற் காட்டப்பட்ட அதே 1948ஆம் ஆண்டுக் காட்சியில் ஜாகுவார் நிறுவனத்தின் எக்ஸ்-கே இயந்திரமும் தோன்றியது. அதன் தலைமேல் இருந்த இரு கேம் தண்டுகளையும் இரண்டு கட்டச் சங்கிலிகள் ஓட்டின. சில்லின் பல்லளவைவிட நுண்ணிய அளவிலே வேளையைத் திருத்தும்பொருட்டு, நுண்பற்களையுடைய தட்டொன்று அதன் கேம் சில்லிலே வைக்கப்பட்டது. மைனர்க்காரருக்குப் புள்ளி போதும். ஜாகுவார்க்காரருக்கோ அதற்கெனச் செய்த அளவுத் தகடும் வேண்டும்.

1962இலே ஜேர்மனியின் டிங்கொல்பிங்கிலிருந்த ஹான்ஸ் கிளாஸ் நிறுவனம் தனது 1004 காரில் சங்கிலிக்குப் பதிலாகப் பல்லுள்ள இறப்பர் வாரைப் பயன்படுத்தியது. பெருந்தொகையிற் செய்யப்பட்ட கார்களில் இதுவே முதலாவது. வாருக்கு எண்ணெய் வேண்டாம், ஓசையில்லை, விலையும் குறைவு. மூடியைத் திறந்தாலே குறிகள் தெரியும் என்பதால் வீட்டில் வேலை செய்வோருக்கும் இது இலகுவாய்த் தோன்றிற்று. ஆயினும் முன்னறியாத ஆபத்தொன்று உடன் வந்தது. சங்கிலி தேயும்போது சத்தமிட்டு அறிவிக்கும். வார் மௌனமாய் மூத்து, ஒருநாள் அறுந்துபோம். வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும்படி நெருக்கமாகச் செய்யப்பட்ட இயந்திரங்களில், வார் அறுந்த அக்கணமே திறந்து நின்ற வால்வுகளைப் பிஸ்டன் இடித்து வளைத்துவிடும். ஒரு சிறு வாரின் விலையை மிச்சம் பிடித்தவர் உருளைத் தலை முழுவதையும் மாற்ற நேர்ந்தது. அதனாலே உற்பத்தியாளர் இத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை வாரை மாற்றுக என்று கண்டிப்பாக விதிக்கலாயினர். இத்தகைய இயந்திரத்தைப் பூட்டியபின் விசையைத் திருகிக் கிளப்பிப் பார்ப்பது மடமை. முதலில் கிராங்கை இரண்டு முழுச் சுற்றுக் கையாலே திருப்பி, எங்கும் தடையில்லை என்றும், குறிகள் மீண்டும் தத்தம் இடத்துக்கு வருகின்றன என்றும் கண்டபின்னரே கிளப்பவேண்டும்.

எல்லா வேகத்துக்கும் ஒரே வேளை பொருந்தாது என்பது 15 பாகையும் பந்தயக் காரின் முக்கலும் காட்டிய உண்மை. கேம் இரும்பிலே செதுக்கப்பட்டதாதலால் அதை மாற்ற வழியின்றி நடுநிலையாக ஓரளவைத் தேர்ந்து அமைவதே வழக்கமாயிருந்தது. 1980இலே அல்பா றோமியோ நிறுவனம், அமெரிக்காவுக்கு அனுப்பிய ஸ்பைடர் காரில், எண்ணெய் அழுத்தத்தால் உள்வாங்கும் கேம் தண்டின் நிலையை ஓடும்போதே மாற்றும் அமைப்பைப் பூட்டியது. 1989இல் ஹொண்டா, மெதுவான ஓட்டத்துக்கு ஒரு கேமும் வேகத்துக்கு வேறொரு கேமும் மாறி மாறி வேலை செய்யும் முறையைக் கொணர்ந்தது. 1995இலிருந்து தொயோட்டா வேளையைப் படிப்படியாக அன்றித் தொடர்ச்சியாகவே மாற்றியது. இப்பொழுது வேளையைக் கணிப்பது சிறு கணினியாகும்.

எனினும் அக்கணினிக்கும் தொடக்க நிலை ஒன்று வேண்டும். சங்கிலியைப் பூட்டுபவர் வைத்த இடத்திலிருந்தே அது முன்னும் பின்னும் எண்ணுகிறது. வைத்த இடம் தவறினால், கேமின் நிலை கிராங்கோடு ஒவ்வவில்லை என்று முன்தட்டிலே மஞ்சள் விளக்கொன்று எரியும். சில புதிய இயந்திரங்களில் கேம் சில்லைத் தண்டோடு பொருத்தும் சாவிப்பள்ளங்கூட இல்லை, புள்ளியும் இல்லை. கிராங்கை ஓர் ஊசியாலும் கேம் தண்டுகளை ஒரு தகட்டாலும் அசையாமற் பூட்டிவைத்து, நடு ஆணியை விதித்த அளவுக்கு முறுக்கியவுடன் வேளை நிலைபெறும். அவ்வியந்திரத்துக்கென்றே செய்யப்பட்ட அந்த ஊசியும் தகடும் கையில் இல்லாதவர் நடு ஆணியைத் தளர்த்தாதிருப்பதே நன்று. தளர்த்திய மறுகணம், திரும்பிச் செல்வதற்குரிய குறி எதுவும் அங்கே எஞ்சாது.